நெய், தயிர் சேர்க்காத ஒரே பாத்திரச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால், நெய், தயிர் எதுவும் இல்லாமல் ஒரே குக்கரில் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து அலுவலகத்திலும் சொந்தக்காரர்களிடமும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் இங்கே சேர்த்து வைக்கிறேன். டம்ளர் என்று சொல்லும் இடமெல்லாம் 200 மில்லி டம்ளர். ஒரு டம்ளர் அரிசிக்கான அளவு மூன்று பேருக்குத் தாராளமாகக் காணும்.

வீகன்னா நம்ம சைவம்தானே? இதுல புதுசா என்ன இருக்கு?

சைவத்தில் பால், தயிர், மோர், நெய், பனீர் எல்லாம் உண்டு. வீகனில் இவை கிடையாது, தேனும் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் நம் கலந்த சாதங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இப்படித்தான் இருக்கின்றன. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், கூட்டாஞ்சோறு எல்லாவற்றிலும் அரிசி, பருப்பு, காய், புளி, தேங்காய், எண்ணெய்தான். நெய் என்பது பெரும்பாலும் கடைசியில் மேலே விடுகிற ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டியை எடுத்தால் என்ன குறைகிறது, அதை எதை வைத்து ஈடுகட்டுவது என்பதில்தான் கீழே இருக்கும் கேள்விகளில் பலவும் போய் நிற்கும்.

முதல்ல எதைச் செஞ்சு பாக்கறது? சுலபமா ஒண்ணு சொல்லுங்க.

கொங்குப் பக்கத்து அரிசி பருப்பு சாதம். கோவை, ஈரோடு வீடுகளில் வேலை முடிந்து களைத்து வந்த இரவுக்கு இதுதான். ஒரு டம்ளர் பொன்னி அரிசி, கால் டம்ளருக்குச் சற்று மேலே துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

குக்கரில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளியுங்கள். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, பழுத்த தக்காளி ஒன்று, மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி சாம்பார் பொடி போட்டு வதக்கி, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி உப்புப் போடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு அரிசி பருப்பைப் போட்டு மூடி, மூன்று விசில். பிரஷர் தானாக இறங்கட்டும். வெங்காயத்தையும் பூண்டையும் நறுக்காமல் முழுசாகப் போடுவதுதான் இதில் ருசி. சாப்பிடும்போது நடுவில் ஒரு பூண்டு மாட்ட வேண்டும்.

நெய் விடாம சாம்பார் சாதத்தை வாயில வைக்க முடியுமா?

முடியும். ஆனால் நெய்யை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே செய்தால் முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நெய் அங்கே இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, வாசனை. இன்னொன்று, காரமும் புளிப்பும் நாக்கில் சுரீரென்று ஏறாமல் மழுப்புவது. இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் வைக்க வேண்டும்.

வாசனைக்கு, கடைசியில் சேர்க்கும் எண்ணெய். புளி போட்ட சாதத்துக்கு நல்லெண்ணெய், தேங்காய் அரைத்த சாதத்துக்குத் தேங்காய் எண்ணெய், பட்டை கிராம்பு போட்டதற்குக் கடலை எண்ணெய். எல்லா எண்ணெயையும் ஆரம்பத்திலேயே கொட்டிவிடாதீர்கள். ஒரு கரண்டி செக்கு எண்ணெயை நிறுத்திவைத்து, அடுப்பை அணைத்ததும் சூட்டோடு மேலே விட்டு இரண்டு நிமிடம் மூடிவைத்தால்தான் மணம் நிற்கும். மழுப்புவதற்கு, ஏழெட்டு முந்திரியையோ ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையையோ நைசாக அரைத்துக் கொதியில் சேர்க்கலாம். சாம்பார் சாதத்துக்கு எனக்குப் பிடித்தது, கொப்பரையைச் சிவக்க வறுத்துப் பொடித்துப் போடுவது.

வனஸ்பதி தாவர எண்ணெய்தானே, அதை விடலாமா என்றும் கேட்கிறார்கள். வீகன்தான். ஆனால் இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி கொண்டுவர வேண்டிய அளவுக்கு அது பிரச்சினையான சரக்கு. நல்லெண்ணெய் இருக்கும் வீட்டில் அது எதற்கு?

எத்தனை விசில்? ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்களே.

அவரவர் குக்கருக்கு அவரவர் சொல்வது சரி. 3 லிட்டர் குக்கர் பெரிய தீயில் படபடவென்று விசில் அடிக்கும், 7 லிட்டர் நிதானமாக அடிக்கும். வெயிட் போட்ட குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதுதான் கணக்கு, விசில் இல்லை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு நேரம் பாருங்கள். ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் குழைந்த சாதமாக வர ஏழெட்டு நிமிடம். முழுப் பயறு என்றால் பதினைந்துக்கு மேல்.

இன்னொன்று. பருப்பு போட்ட சமையலுக்குக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி வெயிட் குழாயை அடைத்துக்கொள்ளும். மூன்று பேருக்கு என்று சொன்ன அளவுக்கு 5 லிட்டர் குக்கர் எடுத்தால் நிம்மதி.

பருப்பு மட்டும் வேகவே மாட்டேங்குது. சாதம் குழைஞ்சுடுது, பருப்பு முழுசா நிக்குது.

புளியை எப்போது ஊற்றினீர்கள்? பத்தில் ஏழெட்டுப் பேரிடம் பதில் இதிலேயே கிடைத்துவிடுகிறது. புளிப்பு இருந்தால் பருப்பும் காயும் இளகாது. புளித்தண்ணீரைப் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அரிசி பருப்பு சாதத்தில் ஒரே ஒரு தக்காளி போதும் என்று சொன்னதும் இதனால்தான்.

புளி காரணம் இல்லை என்றால் தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பை விறைக்க வைக்கும். கேன் தண்ணீரில் ஒரு தடவை வேகவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த பழைய பருப்பு. அதற்கு ஊறவைப்பதைத் தவிர வழியில்லை. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் வேகும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் போய்விடும், கொஞ்சம் கூடினால் சோப்பு வாடையும் அடிக்கும். உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். உப்பு போட்டு ஊறவைத்த பயறு இன்னும் மெத்தென்றுதான் வேகும்.

கூட்டாஞ்சோறு செஞ்சா கஞ்சி மாதிரி ஆயிடுது. திருநெல்வேலியில சாப்பிட்ட மாதிரி வரலையே?

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குக்கரை மூடுகிறீர்கள், அதனால்தான். ஒரே பாத்திரம் என்றால் ஒரே நேரத்தில் போடுவது என்று அர்த்தமில்லை. கூட்டாஞ்சோற்றைக் குக்கரில் செய்யாமல் அடி கனமான பாத்திரத்தில் மூடாமல் செய்யச் சொல்வேன். முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. முதலில் ஊறிய பருப்பை மட்டும் மஞ்சள்தூளோடு நான்கு டம்ளர் தண்ணீரில் வேகவையுங்கள். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், கூழாகக் கூடாது. அந்தப் பதத்தில் அரிசியைப் போடுங்கள். அரிசி அரைவேக்காடு வரும்போது முருங்கைக்காய், வாழைக்காய், கொத்தவரங்காய், கேரட். அதற்கு ஐந்து நிமிடம் கழித்துக் கத்தரிக்காய், உப்பு. அரிசியைக் கிள்ளிப் பார்த்து நடுவில் மட்டும் ஒரு புள்ளி வேகாமல் இருக்கும்போது நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து அரை டம்ளர். மாங்காய் கிடைத்தால் அதையும் போட்டுப் புளியைப் பாதியாகக் குறையுங்கள். நடுவில் தண்ணீர் வற்றினால் வெந்நீர்தான் விட வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, அது மறுபடி வருவதற்குள் சாதம் குழைந்துவிடும்.

தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், வரமிளகாய், இரண்டு பல் பூண்டு, இவற்றைத் தண்ணீர் அதிகம் விடாமல் கொரகொரப்பாக அரைத்து இப்போது சேர்த்து, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையையும் உருவிப் போட்டுக் கிளறி, தணலில் ஐந்து நிமிடம். கடைசியில் தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, அதே எண்ணெயில் வெங்காய வடகத்தைப் பொரித்து நொறுக்கிப் போடுங்கள். வடகம் இல்லாத கூட்டாஞ்சோறு காய் போட்ட பருப்புச் சாதம்தான். இதில் நெய்க்கு இடமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அடிப்பிடிக்குது. தண்ணி சரியாத்தான் விடறேன்.

வதக்கிய தக்காளியும் பொடியும் அடியில் ஒட்டியிருக்கும்போதே அதன்மேல் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால் அது அங்கேயே கருகும். தண்ணீர் ஊற்றியதும் தட்டையான கரண்டியால் அடியைச் சுரண்டிவிட்டுக் கொதிக்கவிடுங்கள். அரைத்த தேங்காய், முந்திரி விழுதெல்லாம் கெட்டியானவை. அவை திறந்த பிறகு போட வேண்டியவை. பிடித்தே விட்டால் கிளறாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் தீய்ந்த வாடை ஏறாது.

தேங்காய்ப்பால் சாதத்துல பால் திரிஞ்ச மாதிரி ஆயிடுதே?

திரிவது கெட்டுப்போனதால் இல்லை, கெட்டியான முதல் பாலைக் கொதிக்க வைத்ததால் எண்ணெய் பிரிகிறது. அரிசி வேக இரண்டாம் பால், மூன்றாம் பால் போதும். ஒரு டம்ளர் பாசுமதிக்கு அந்த நீர்த்த பால் ஒன்றே முக்கால் டம்ளர். முதல் பாலைக் கால் டம்ளர் தனியாக வைத்திருந்து, குக்கரைத் திறந்ததும் மேலே தெளித்து மூடிவிடுங்கள். புளிப்பாக எலுமிச்சை பிழிவதென்றால் தட்டில் பிழிந்துகொள்வது நல்லது.

தயிர் இல்லாம பிரிஞ்சி, காய்கறி பிரியாணி எல்லாம் எப்படி? தயிர் சாதமே போச்சா?

பிரிஞ்சியில் தயிர் கொடுப்பது புளிப்பும் கொஞ்சம் கெட்டித்தன்மையும். கால் டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பாலோ முந்திரி விழுதோ எடுத்து, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தால் இரண்டும் கிடைத்துவிடும். தக்காளியை ஒன்று கூட்டிப் போடுகிறவர்களும் உண்டு. நிறம் நன்றாக வரும், ஆனால் பிரிஞ்சி தக்காளி சாதமாகிவிடும்.

தயிர் சாதத்துக்கு, வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பில் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு உறைய வைக்கிறார்கள். உறைகிறது, புளிக்கிறது, இஞ்சி பெருங்காயம் தாளித்தால் சாப்பிடவும் முடிகிறது. பசுந்தயிர் போலவே இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மீல் மேக்கர் போட்டா ஒரு வாடை வருது, குழந்தைங்க ஒதுக்கறாங்க.

கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி பிழியுங்கள். பிழிந்த தண்ணீர் மஞ்சளாக வருவது நின்றால் வாடையும் போயிருக்கும். பிறகு எண்ணெயில் மிளகாய்த்தூள், உப்போடு ஓரம் சிவக்க வறுத்துவிட்டுத்தான் சாதத்தில் சேர்க்க வேண்டும். நேராகப் போட்டால் ஸ்பாஞ்சை மெல்வது போலத்தான் இருக்கும்.

சிறுதானியத்துல இதெல்லாம் வருமா?

சாமை, குதிரைவாலி, வரகு மூன்றும் ஒத்துவரும். தினை கொஞ்சம் உதிரியாக நிற்கும், பிரிஞ்சி வகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதிரியாக வேண்டுமானால் ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர், சாம்பார் சாதம் போலக் குழைய வேண்டுமானால் ஐந்து. ஆறினால் அரிசியைவிட வேகமாக இறுகும். அதனால் அடுப்பிலிருந்து இறக்கும்போது ‘கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே’ என்று தோன்ற வேண்டும்.

பாலும் தயிரும் இல்லைன்னா சத்து எங்கேருந்து வரும்?

புரதத்துக்குக் கணக்குப் போட்டுவிடலாம். துவரம்பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம், அரிசியில் 7 கிராம் அளவில். ஒரு டம்ளர் அரிசியும் அரை டம்ளர் பருப்பும் போட்ட சாதத்தை மூன்று பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 11 கிராம். ஒரு வேளைக்கு அது குறைவுதான். ஆளுக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஊறவைத்த மொச்சையோ சேர்த்தால் ஏழெட்டு கிராம் கூடும். மீல் மேக்கரில் காய்ந்த எடையில் பாதிக்குமேல் புரதம்தான். அரிசி பருப்பு சாதத்தில் பருப்பைக் கால் டம்ளரோடு நிறுத்தியது ருசிக்காக. தினமும் சாப்பிடுவதென்றால் பருப்பைக் கூட்டுங்கள்.

பி12 மட்டும் வேறு கதை. அது தாவர உணவில் நம்பும்படியாகக் கிடைக்காது. இட்லி மாவு புளிப்பதில் வருகிறது, பழைய சோற்றில் வருகிறது என்று சுற்றிவரும் செய்திகளை வைத்துக்கொண்டு இருந்துவிட முடியாது. பால் பொருட்களை முழுக்க விட்டுவிட்டால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரும்புச்சத்துக்குக் கீரையும் பயறும் போட்டு மேலே எலுமிச்சை பிழிவது உதவும், சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது கெடுக்கும்.

ராஜ்மாவை ஸ்லோ குக்கர்ல போட்டுட்டு வேலைக்குப் போயிடலாமா?

கூடாது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழிவதற்குப் பதிலாக, பச்சை ராஜ்மாவைவிடவும் வீரியம் கூடிவிடக்கூடும். சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் பதினைந்து இருபது நிமிடம் வேகவைத்துவிட்டால் பயமில்லை. அதற்குப் பிறகு எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் போடுங்கள்.

நான் கனடாவுல இருக்கேன். விசில் சத்தத்துக்கு அபார்ட்மென்ட்ல பயம், ஓவன்தான் இருக்கு. அதுல வருமா?

அருமையாக வரும். கிளற வேண்டாம், அடிப்பிடிக்காது. அரை மணி நேரம் ஊறி வடித்த பாசுமதி ஒரு டம்ளர், வெந்த கொண்டைக்கடலை ஒரு டம்ளர், காய் இரண்டு கைப்பிடி. அடுப்பில் வைக்கக்கூடிய மூடி போட்ட கனமான பாத்திரத்தில் வெங்காயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு வதக்கி, நீர்த்த தேங்காய்ப்பாலும் தண்ணீருமாக இரண்டு டம்ளர் ஊற்றி, கொதி வந்ததும் மற்றதைப் போட்டு, அலுமினியத் தாளை இறுக்கி மூடி, 190 டிகிரியில் 35 நிமிடம். எடுத்ததும் திறக்காமல் பத்து நிமிடம்.

ஊற்றும் நீர் கொதித்துத்தான் இருக்க வேண்டும். ஆறிய தண்ணீர் ஊற்றினால் ஓவனில் அது சூடேறவே நேரம் போய், மேல் அரிசி வேகாமல் நிற்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் அப்படிக் கொதிநீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடலாம். மேலே மொறுமொறுப்பு வேண்டுமானால், நொறுக்கிய முந்திரியை எண்ணெயில் பிசறித் தூவிக் கடைசி எட்டு நிமிடம் திறந்து வையுங்கள். ரஸ்க் தூள் வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா போதும்தானே?

போதாது. பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம், பால் இருந்தாலும் அது இருக்கும். வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதியும், பச்சைச் சதுரத்துக்குள் ‘வி’ எழுத்து போட்ட தனிச் சின்னமும் கொண்டுவந்தது. எல்லாத் தயாரிப்பிலும் அந்தச் சின்னம் இருக்காது. அதனால் பின்பக்கம் ஒவ்வாமைத் தகவல் என்று இருக்கும் வரியைப் பாருங்கள், பால் சேர்ந்திருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்றால்: தேங்காய்ப்பால் பவுடரில் சோடியம் கேசினேட் என்ற பெயரில் பால் புரதம். மார்ஜரினில் மோர்த் திடப்பொருள். ரஸ்க், பன், சூப் கட்டிகளில் பால் பவுடர். வீட்டிலேயே மறந்துபோவது ஒன்று இருக்கிறது, தொட்டுக்கொள்ளப் பொரிக்கும் மோர் மிளகாய். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும். அது வீகனுக்குத் தடையில்லை, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் தடை.

ராத்திரி மிஞ்சினதை மறுநாள் டிஃபன் பாக்ஸ்ல கட்டலாமா?

தேங்காய் அரைத்துப் போட்டது என்றால் நம் ஊர் வெயிலில் இரவு முழுக்க வெளியே இருக்கவே கூடாது. வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்திருக்கும். வெளியில் கிடந்தால் பெருகி நச்சை விடும், அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ‘சூடு பண்ணிட்டேனே’ என்பது அதனால் பதில் ஆகாது. சாப்பிட்டு முடித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டலாம். புளியோதரை மட்டும் விதிவிலக்கு போல நடந்துகொள்ளும், புளியும் எண்ணெயும் காப்பதால். அதுவும் காலையில் கட்டி மதியம் சாப்பிடும் அளவுக்குத்தான்.

வீட்டுல நான் ஒருத்திதான் வீகன். மாமியாருக்கு நெய் இல்லாம இறங்காது. ரெண்டு சமையலா செய்யறது?

ஒரே சமையல்தான். குக்கருக்குள் நெய் போகாது, தட்டில் அவரவர் விட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் தகராறில்லை. தாளிப்பு எண்ணெயில் செய்தது அவருக்குத் தெரியப்போவதுமில்லை. வெண்பொங்கல் ஒன்றில்தான் சிக்கல் வரும், அதில் நெய் உள்ளேயே போக வேண்டியது. அன்றைக்குப் பொங்கலைக் குழையவிட்டு இரண்டாகப் பிரித்து, மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரித் தாளிப்பை ஒரு பங்குக்கு நெய்யிலும் ஒரு பங்குக்குத் தேங்காய் எண்ணெயிலும் செய்யுங்கள். நெய்க் கரண்டியை மட்டும் தனியாக வையுங்கள்.